சைக்கிளுக்கு ஓர் இடம்: புதுச்சேரியின் நடை, ஆலை, ஸ்டாண்டு

புதுச்சேரி நகரம் மேடு பள்ளம் இல்லாத ஊர். கடலோரத்தில் ஏறி மிதித்தால், பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே அண்ணா சாலை வரை ஒரு தடவைகூட இறங்கித் தள்ள வேண்டியதில்லை. 1693இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1699 வரைதான் இங்கே இருந்தார்கள். ஒன்றையொன்று நேராக வெட்டும் தெருக்களின் திட்டத்தை வரைந்தவர்கள் அவர்களே. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும், பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கட்டங்களின் மேல்தான் மறுபடி கட்டினார்கள். நான்கு புல்வார்களுக்குள், அதாவது சுற்றிவரும் அகலச் சாலைகளுக்குள், அடங்கிய பழைய நகரத்தை மூலைக்கு மூலை கடக்கச் சைக்கிளுக்குப் பத்து நிமிடம் போதும். இப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் ஓட்டுவதில் சிரமம் ஏதும் இல்லை. ஓட்டி முடித்ததும் அதை எங்கே விடுவது, வியர்வையும் புழுதியுமாக வந்தவர் எங்கே கைகால் கழுவி உடை மாற்றுவது என்பவைதான் கேள்விகள். இன்று பசுமைக் கட்டடச் சான்று தரும் அமைப்புகள் மதிப்பெண் வைத்துக் கேட்பதும் இந்த இரண்டைத்தான். ஊர் இவற்றுக்கு ஏற்கெனவே பலவிதமாக விடை சொல்லியிருக்கிறது.

சைக்கிளுக்கு முன்னால் இங்கே ஓடியது புஷ் வண்டி. பிரெஞ்சில் 'பூஸ்-பூஸ்'. 'தள்ளு, தள்ளு' என்று பொருள். உட்கார்ந்திருப்பவர் கையில் முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பி இருக்கும். பின்னால் ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். வழியைத் தீர்மானிப்பவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர். காலனிய நகரத்தை இதைவிடக் கச்சிதமாக ஒரு வண்டியில் செய்து காட்ட முடியாது. அந்த வண்டியை நிறுத்துவதற்கு யாரும் இடம் தேடவில்லை. வண்டியோடு ஆள் இருந்தார். எசமானர் இறங்கியதும் மர நிழலிலோ மதிலோரத்திலோ அவர் காத்திருந்தார்.

ஓட்டுகிறவரே உழைக்கிற, ஓட்டிய பிறகு கேட்பாரற்று நிற்கிற முதல் வண்டி சைக்கிள்தான். 1860களில் பாரிசில் மிஷோ குடும்பத்தார் முன்சக்கரத்தில் பெடல் வைத்து விற்றார்கள். இன்றைய உருவத்துக்கு 1885இல் இங்கிலாந்தின் ஸ்டார்லி வழிகாட்டினார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரையும், 1891இல் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரையும் கொண்டுவந்தார்கள். பஞ்சர் ஒட்டும் தொழில் அந்தக் கழற்றி மாட்டும் டயரால்தான் தெருவோரத்துக்கு வந்தது. அரசாங்கங்கள் சைக்கிளை முதலில் கவனித்தது வரி போடுவதற்காக. பிரான்சில் 1893இல் வந்த சைக்கிள் வரி 1958ஆம் ஆண்டின் கடைசியில்தான் நீங்கியது. வரி கட்டியதற்கு அடையாளமாக உலோகத் தகடு ஒன்றை வண்டியில் மாட்ட வேண்டும். சென்னை மாகாணத்து நகராட்சிகளில் அதற்குப் பெயர் வில்லை. வருடா வருடம் வில்லை வாங்காதவரைப் பிடிக்க ஆள் நின்றது; வண்டி நிற்க இடம் பார்த்துக் கொடுக்க எவரும் இல்லை.

அதனால் முதல் விடையை வீடு சொன்னது. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீதிகளில் பழைய வீடுகளின் முகப்பு ஓர் ஒழுங்கில் அமைந்தது. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம்; அதை அடுத்துத் திண்ணை; நிலைப்படி தாண்டினால் இரு சுவருக்கு நடுவே குறுகலான நடை; பிறகு வெளிச்சம் கொட்டும் முற்றம். தாழ்வாரம் வழிப்போக்கர் ஒதுங்க விட்ட இடம். திண்ணை வந்தவரோடு பேச. இரண்டிலும் சைக்கிள் பகலில் நிற்கலாம், இரவில் நிற்கக் கூடாது. இரவில் அது நடைக்குள் வந்து சுவரில் சாய்ந்துகொள்ளும். ஹேண்டில்பார் உரசி உரசிச் சுண்ணாம்புச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழும். பெடல் இடித்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கும். வாசற்படிகளின் ஓரமாகவோ நடுவிலோ ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டால் பூசிய சரிவு பல வீடுகளில் இருக்கும். படி மனிதருக்கு, சரிவு வண்டிக்கு. கட்டடக் கலைஞர் யாரும் வரையாமல், கொத்தனாரிடம் வீட்டுக்காரர் வாய்மொழியாகச் சொல்லி வந்த ஏற்பாடு அது. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. உயர்ந்த மதிலும் அகலமான வாயிற்கதவும் குதிரை வண்டிக்காகக் கட்டியவை. சைக்கிள் நுழைய அவை தாராளம்.

கழுவுவதற்கும் வீட்டில் இடம் இருந்தது. நடையும் முற்றமும் தாண்டிக் கொல்லைப்புறத்தில் கிணற்றடி. வெளியே போய்வந்தவர் நேராக அங்கே போய் இரண்டு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டு, கொடியில் கிடக்கும் வேட்டியை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். தூய்மை, தீட்டு பற்றிய பழைய எண்ணங்களும் அந்த வழக்கத்தில் கலந்திருந்தன, வெக்கையும் கலந்திருந்தது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. கடற்காற்று அடித்தாலும் உடம்பிலிருந்து ஈரம் காய்வதில்லை.

தமிழர் வீதிகளில் ஒன்றான வைசியாள் வீதியின் பழைய முகப்புகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் உதவியோடு செப்பனிடப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதையும் பெற்றன. தாழ்வாரமும் திண்ணையும் அங்கே வரிசையாக மீண்டிருக்கின்றன. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே, கூரையோடு, யாருக்கும் முழுச் சொந்தமில்லாத ஓர் இடம் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர் அந்த வீதியை ஒருமுறை நடந்து கடந்தால் போதும்.

இரண்டாவது விடை ஆலைகளில் கிடைத்தது. அதுதான் இந்த வரலாற்றின் மையம். புதுச்சேரியைப் பிரெஞ்சு வீடுகளின் ஊராக மட்டும் அறிந்தவர்களுக்கு இது ஓர் ஆலை நகரம் என்பது வியப்பாக இருக்கும். ஊர்க்காரர்களின் வாயில் அவை சவானா மில், கெப்ளே மில், ரோடியர் மில். பிற்காலப் பெயர்கள் சுதேசி, பாரதி, ஆங்கிலோ பிரெஞ்சு. முதலாவது 1820களின் கடைசியில் வேர்விட்டது. மூன்றாவது 1898இல் முதலியார்பேட்டையில், கடலூர் சாலையோரம் எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் நூற்கவும் நெய்யவும் வந்தார்கள். சங்கு ஊதும் நேரத்தில் ஆலை வாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆட்கூட்டமாகவும் சைக்கிள் கூட்டமாகவும் ஒருசேர இருக்கும். ஹேண்டில்பாரில் தூக்குச் சட்டி, கேரியரில் மடித்த துண்டு.

ஆலைக்குள் நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரம் ஏற்றுவார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் பகுதியில் தூசு பனிபோலப் பறக்கும். ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவரின் புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆலை ஊர்களில் எல்லாம் பொதுவாக இருந்த நடைமுறை இது: வரும்போது கட்டியிருந்த வேட்டியையும் சட்டையையும் ஆணியில் மாட்டிவிட்டு, அரைக்கால் சட்டையோ பழைய கைலியோ அணிந்து வேலைக்கு இறங்குவது, முடிந்ததும் குழாயடியில் தலையோடு நனைந்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஏறுவது. இங்கே கவனிக்க வேண்டியது கழுவுதலின் நேரம். இன்றைய அலுவலகத்தில் சைக்கிளில் வருகிறவர் வேலைக்கு முன்னால் குளிக்க வேண்டும். அவருடைய வியர்வை அலுவலகத்துக்கு ஆகாது. ஆலையில் வேலைக்குப் பிறகு குளிக்க வேண்டும். ஆலையின் அழுக்கு வீட்டுக்கு ஆகாது. அறை ஒன்றேதான். யாரிடமிருந்து யாரைக் காப்பது என்பது மட்டும் தலைகீழ்.

அந்த அறையும் குழாயும் தானாக வரவில்லை. 1936ஆம் ஆண்டின் கோடையில் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு அமைந்தது. லியோன் ப்ளூம் பிரதமர். ஜூன் மாதத்திலேயே வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு என்று சட்டங்கள் வந்தன. விடுப்பு கிடைத்த தொழிலாளர்கள் சைக்கிளில், இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிளில், கடற்கரையை நோக்கிப் போகும் படங்கள் அந்தக் கோடையின் அடையாளமாகவே நிலைத்துவிட்டன. அதே கோடையில், அதே மூவர்ணக் கொடியின் கீழ், புதுச்சேரியில் ஜூலை 30 அன்று போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் வ. சுப்பையா. அவர் பாரிசுக்கே போய் முறையிட்டார். 1937 ஏப்ரல் 6ஆம் தேதியிட்ட ஆணை பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிற்சட்டத்தைத் தந்தது. எட்டு மணி நேர வேலை அதோடு வந்தது. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஜூலை 30 அன்று தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துவதும் நிற்கவில்லை.

சைக்கிளுக்கும் எட்டு மணி நேரத்துக்கும் தொடர்பு உண்டு. பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவர் ஆலை மதிலுக்கு அருகிலேயே குடியிருந்தாக வேண்டும். வேலை எட்டு மணியாகக் குறையும்போது நாளில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் அரியாங்குப்பத்திலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ மிதித்து வந்துபோகலாம். நிலத்தை விடாமல் ஆலைக்கும் போகலாம்.

1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16இல் இணைப்பு சட்டப்படி முழுமையான பிறகு, இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கே நடைமுறைக்கு வந்தன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இந்தப் பொருளில் மிகத் தெளிவானது. அதன் 42ஆவது பிரிவு, தொழிலாளர் கழுவிக்கொள்ளப் போதிய வசதி வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக மறைவோடு வேண்டும் என்றது. 43ஆவது பிரிவு, வேலை நேரத்தில் அணியாத உடைகளை வைக்கவும் நனைந்தவற்றை உலர்த்தவும் இடம் தரச் சொல்லி மாநில அரசுகள் விதி செய்யலாம் என்றது. உலர்த்த என்ற ஒரு சொல்லுக்காகவே அதை எழுதியவர்களைப் பாராட்டலாம். வடகிழக்குப் பருவமழையில் சைக்கிளில் வந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் சட்டம் துணிக்கு ஆணி கேட்டதே தவிர, சைக்கிளுக்குக் கூரை கேட்கவில்லை. வண்டிக் கொட்டகை நிர்வாகத்தின் வசதியையும் சங்கத்தின் வற்புறுத்தலையும் பொறுத்தது. ஒரு கோடையில் சீட்டு வெயிலில் கிடந்து பிளந்த பிறகு, ஒரு மழையில் செயின் துருவேறிய பிறகு எழும் கோரிக்கை அது.

துரு என்பது இந்த ஊரில் சாதாரண விஷயம் இல்லை. உப்புக்காற்று முதலில் ரிம்மின் பளபளப்பில் புள்ளி வைக்கும், பிறகு ஸ்போக்ஸ் கம்பிகளின் முனையில் இறங்கும். மழை நின்ற மறுநாள் செயின் செம்பழுப்பாகிவிடும். தேங்காய் எண்ணெயையோ மெஷின் எண்ணெயையோ துணியில் தொட்டுத் துடைப்பது ஞாயிற்றுக்கிழமைக் கடமை. கடலிலிருந்து அரை மைல் உள்ளே போனால் வண்டியின் ஆயுள் கூடும் என்பது சைக்கிள் கடைக்காரர்களின் கணக்கு. எனவே புதுச்சேரியில் நிறுத்துமிடம் என்றாலே கூரை என்றுதான் பொருள்.

மூன்றாவது விடை ஒரு தொழிலாகவே உருவானது: சைக்கிள் ஸ்டாண்டு. 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்ததால் நிலையம் ஒன்று இருந்தது. பிறகு பேருந்து நிலையம், சந்தை, ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை. மக்கள் சைக்கிளில் வந்து, சில மணி நேரம் அதை விட்டுவிட்டுப் போகும் இடங்கள். மூங்கில் கால், கீற்று அல்லது தகரக் கூரை, வாசலில் ஒரு ஸ்டூல். பொது இடமாக இருந்தால் உள்ளாட்சி அதை வருடக் குத்தகைக்கு ஏலம் விடும். குத்தகைதாரர் ஆள் வைத்து வசூலிப்பார். தமிழ்நாட்டு ஊர்களிலும் இதே முறைதான்.

ஸ்டாண்டுக்காரரின் வேலையில் ஒரு நேர்த்தி உண்டு. ஒரே எண் எழுதிய இரண்டு அட்டைகள். ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கும், மற்றது வண்டிக்காரர் சட்டைப் பையில் போகும். அட்டைக்குப் பதிலாகச் சீட்டில் சாக்கட்டியால் எண் போடுகிறவர்களும் இருந்தார்கள். ஈரக் கையால் தொட்டால் எண் அழிந்துபோகும், அப்போது ஸ்டாண்டுக்காரரின் ஞாபகமே சாட்சி. வண்டிகளை அவர் ஒன்றுக்கொன்று எதிரெதிராக, ஒன்றின் ஹேண்டில்பார் அடுத்ததன் சீட்டுப் பக்கம் வருமாறு செருகுவார். இரண்டு வண்டி நிற்கும் அகலத்தில் மூன்று நிற்கும். கேரியரைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுழற்று, அவ்வளவுதான். மாலைக் காட்சி விட்டதும் ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். அவசரக்காரர் ஒருவர் தன் வண்டியை நடுவிலிருந்து உருவினால், வரிசை மொத்தமும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாயும். பெடல் அடுத்த வண்டியின் ஸ்போக்ஸில் மாட்டிக்கொள்ளும். அதைப் பிரிப்பதற்குள் பஸ் போய்விடும். இன்று வெளிநாட்டுக் கையேடுகள் சைக்கிள் தாங்கியைப் பற்றி இடைவெளி இத்தனை, சட்டகத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்ட வசதி வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அந்த வசதிகள் இல்லாத குறையை இங்கே ஓர் ஆள் தன் கையாலும் கண்ணாலும் ஈடுகட்டினார். பூட்டைவிட ஆள் நம்பகமானவர் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

வாடகைச் சைக்கிள் கடை இதன் பங்காளி. சொந்த வண்டி இல்லாதவர்கள் மணிக்கணக்கில் எடுத்து ஓட்டுவார்கள். நோட்டில் பெயரும் நேரமும் எழுதப்படும். செயின் கவரில் கடையின் பெயர் பெயிண்டால் இருக்கும். சிறுவர்கள் அரைச் சைக்கிள் கிடைக்காதபோது பெரிய வண்டியின் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் தெற்கே எங்கும் பரவின. மாதத் தவணையில் சைக்கிள் வாங்குவது கீழ்நடுத்தர வீட்டின் முதல் சொத்து வாங்குதல் ஆனது.

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் இவற்றிலிருந்து விலகிய ஒரு கதை. 1926இல் உருவான ஆசிரமம் ஒரே வளாகத்துக்குள் இல்லாமல் நகரத்தின் கிழக்குப் பகுதியில் பல வீடுகளாகப் பரந்து கிடக்கிறது. தங்குவது ஒரு தெரு, சாப்பாட்டுக்கூடம் ஒரு தெரு, பள்ளி ஒரு தெரு, விளையாட்டுத் திடல் வேறொரு தெரு. ஒரு நாளில் ஐந்தாறு தடவை இடம் மாற வேண்டிய வாழ்க்கைக்குச் சைக்கிள் இயல்பாகவே பொருந்தியது. 1943 டிசம்பரில் பள்ளி தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில், ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை உடற்பயிற்சியை எல்லோருக்கும் உரியதாக்கி, பெண்களும் அரைக்கால் சட்டை அணிய வழிசெய்தார். புடவையில் இருந்தவர் பயிற்சி உடைக்கு மாறுவதும், மறுபடி மாறுவதும் அங்கே அன்றாட நடைமுறை. பெண்கள் அரைக்கால் சட்டையோடு சைக்கிள் மிதித்தது நாற்பதுகளின் தமிழ் ஊரில் எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் சைக்கிள் பெண்களின் இயக்கமாக மாற 1990களின் தொடக்கத்துப் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெள்ளை உடையில் முதியவர்கள் நிமிர்ந்த முதுகோடு மிதித்துப் போகும் காட்சி இன்றும் அந்தத் தெருக்களில் உண்டு. சாப்பாட்டு வேளையில் வாசலோரம் சைக்கிள்கள் மதிலை ஒட்டி வரிசையாக நிற்கும்.

அதே ஆசிரமம் 1937இல் கட்டத் தொடங்கிய கோல்கொண்டா விடுதி, பசுமைக் கட்டடம் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே அதன் இலக்கணத்தை எழுதியது. செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நாகஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் உடனிருந்து கட்டினார்கள். ஐதராபாத் திவான் அக்பர் ஹைதரி வழியாக நிஜாம் அரசின் நன்கொடை வந்ததால் அந்தப் பெயர். சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் படுக்கைவாட்டுப் பலகைகள், உள்ளே காற்று போகும் தேக்கு நழுவுகதவுகள், தென்வடல் காற்றோட்டம். மின்விசிறியின் உதவி இல்லாமலே அறை குளிரும். வியர்த்து வந்தவருக்குத் தனி அறை கட்டுவது ஒரு வழி. வியர்வையைக் காற்றே ஆற்றிவிடும்படி கட்டடத்தை அமைப்பது இன்னொரு வழி. கோல்கொண்டா இரண்டாவதைச் செய்தது.

சைக்கிளின் இறங்குமுகம் 1980இல் தொடங்கியது என்று ஆண்டு குறித்தே சொல்லலாம். அந்த ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. சைக்கிளைப் போலவே பெடல் உண்டு, மிதிக்க மட்டும் வேண்டாம். எழுத்தரும் ஆசிரியரும் பால்காரரும் முதலில் மாறினார்கள். 1961இல் 3.69 லட்சமாக இருந்த ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 2011இல் 12.48 லட்சம் ஆனது. நகரம் புல்வார்களை விட்டு வெளியே பரந்தது. பல்கலைக்கழகம் 1985இல் பத்துக் கிலோமீட்டர் வடக்கே காலாப்பட்டில் அமைந்தது. தூரம் கூடியது. தமிழ்நாட்டைவிடக் குறைந்த வரியால் பெட்ரோலும் வண்டிகளும் மலிவு. அண்டை மாநிலத்தார் இங்கே வந்து கார் பதிந்துகொள்ளும் வழக்கமே உண்டானது. ஸ்டாண்டுகளில் சைக்கிள் ஓரத்துக்கு ஒதுங்கி, பிறகு மோட்டார் வண்டிகளுக்கு இடம் விட்டது. பெயர்ப்பலகையில் மட்டும் 'சைக்கிள் ஸ்டாண்டு' என்ற சொல் மிஞ்சியது. ஆலைகளும் நலிந்தன. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் ரோடியர் மில்லை நொறுக்கியது. மூன்று ஆலைகளும் 2020இல் அதிகாரபூர்வமாக மூடப்பட்டன.

சைக்கிளுக்கு இடம் ஒதுக்குவது எழுத்தில் வந்தது அதற்குப் பிறகல்ல, அந்த இறக்கத்தின் நடுவில்தான். 1993இல் அமைந்த அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் சில ஆண்டுகளில் லீட் என்ற தர மதிப்பீட்டை வெளியிட்டது. அதில் 'சைக்கிள் வைப்பிடமும் உடைமாற்று அறையும்' என்று ஒரு தலைப்பு. அலுவலகக் கட்டடமானால், நெரிசல் வேளையில் கட்டடத்தில் இருப்பவர்களில் 5 சதவீதம் பேருக்குப் பத்திரமான சைக்கிள் தாங்கி, நுழைவாயிலிலிருந்து 200 கஜத்துக்குள் வேண்டும். முழுநேரப் பணியாளர்களில் 0.5 சதவீதக் கணக்கில் குளியலும் உடை மாற்ற இடமும் வேண்டும். குடியிருப்பானால் 15 சதவீதம் பேருக்குக் கூரையுள்ள இடம். 2009 பதிப்பில் மொத்தம் 110 மதிப்பெண்ணில் இதற்கு 1. 2013இல் வந்த நான்காம் பதிப்பு விதியை இறுக்கியது: பார்வையாளருக்குத் தனியாக, அன்றாடம் வருபவருக்குத் தனியாக வைப்பிடம், முதல் 100 பேருக்கு ஒரு குளியல், அதற்கு மேல் 150 பேருக்கு ஒன்று, இவற்றோடு, கட்டடத்தின் அருகிலேயே சைக்கிள் ஓடத்தக்க தடங்களின் வலையும் இருக்க வேண்டும். தடம் இல்லாமல் தாங்கி மட்டும் வைத்து மதிப்பெண் வாங்கிய கட்டடங்களைப் பார்த்த பிறகு வந்த திருத்தம் என்று இதைப் படிக்கலாம். பிரிட்டனின் பிரீயம் மதிப்பீடு குளியல், பெட்டகம் ஆகியவற்றோடு ஈரத்துணி உலர்த்தும் இடத்தையும் பட்டியலில் வைக்கிறது. 1948ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 43ஆவது பிரிவை நினைவூட்டும் வரி அது.

இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் 2001இல் தொடங்கியது. 2003இல் ஐதராபாத்தில் எழுந்த கோத்ரெஜ் பசுமை வணிக மையம் அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் பெற்ற முதல் கட்டடம். அமெரிக்க விதிகளின் இந்தியப் பதிப்புகள் அதைத் தொடர்ந்து வந்தன. 2007இல் டெரி நிறுவனத்தின் கிருஹா கட்டட மதிப்பீடும் மத்திய அரசின் ஏற்பைப் பெற்றது. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சைக்கிள் பாதைகளையும் பத்திரமான நிறுத்துமிடங்களையும் வலியுறுத்தியது. 2017இல் புதுச்சேரி பொலிவுறு நகரப் பட்டியலில் சேர்ந்தபோது இந்தச் சொற்கள் யாவும் ஊருக்குள் வந்துவிட்டிருந்தன.

லீட் விதியின் பிறப்பிடம் பெரும்பாலோர் காரில் வேலைக்குப் போகிற நாடு. காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறச் சொல்ல வேண்டியவரை மனத்தில் வைத்து எழுதியது. ஆகவே குளியல் அவருக்கு ஒரு தூண்டில். புதுச்சேரியில் இன்னும் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்: காவலாளி, தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர், கட்டட வேலையாள். அவர்களைத் தூண்டத் தேவையில்லை. வேறு வழி இல்லாததால் மிதிக்கிறார்கள். விதியின் 5 சதவீதத்தில் அவர்களும் எண்ணிக்கையில் வருவார்கள். ஆனால் வரைபடத்தில் முன்வாசல் அருகே துருப்பிடிக்காத எஃகில் வளைந்து நிற்கும் தாங்கியில் காவலாளியின் பழைய வண்டிக்கு இடம் உண்டா, உடைமாற்று அறையின் சாவி துப்புரவுப் பெண்ணின் கையில் உண்டா என்பதை எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. தொழிற்சாலைச் சட்டம் அதைத் தொழிலாளியின் உரிமையாக எழுதியது. மதிப்பீடு அதைக் கட்டட உரிமையாளர் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் ஒரு மதிப்பெண்ணாக எழுதுகிறது.

விதியை இந்த ஊரில் நிறைவேற்றுவது பெரிய செலவு இல்லை. 250 பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். 5 சதவீதம் என்றால் 12.5, முழு எண்ணாக 13 சைக்கிள். குளியல் பழைய கணக்கிலும் இரண்டு, புதிய கணக்கிலும் இரண்டு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அது சரியாக அமைந்துவிடும். கேள்வி எண்ணிக்கையில் இல்லை, எப்படிக் கட்டுவது என்பதில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். கூரை மட்டும் போதாது, அந்தப் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். அந்தச் சுவரும் முழுதாக மூடினால் உப்பு ஈரம் உள்ளேயே தங்கும். கோல்கொண்டாவின் பலகைகளைப் போல, மழையை விடாமல் காற்றை விடும் தடுப்பு சரி. தரையில் தண்ணீர் ஓட ஒரு சரிவு, படியில் பழைய வீடுகளின் சிமெண்டுச் சரிவு. குளியலறையில் ஷவர் இல்லாவிட்டாலும் வாளியும் குழாயும் போதும். உலர்த்தக் கொடி மட்டும் கட்டாயம்.

பழைய நகரத்து மரபுக் கட்டடங்களில் இடநெருக்கடி என்ற காரணம் அடிக்கடி சொல்லப்படுகிறது. விடுதிகளாக மாறிய பிரெஞ்சு வீடுகளில் விருந்தினருக்கான சைக்கிள்கள் முற்றத்து மாமர நிழலில் நிற்பதைப் பார்த்தால் அந்தக் காரணம் பாதிதான் உண்மை என்று தெரியும். கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை மோட்டார் வண்டிகளுக்கு மூடப்படுகிறது. மிஷன் வீதிப் பக்கத்து வாடகைக் கடைகளில் வெளியூர்க்காரர்கள் சைக்கிள் எடுக்கிறார்கள். அரசு தரும் இலவச சைக்கிளில் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். பள்ளிக் கொட்டகையில் எல்லா வண்டியும் ஒரே நிறம், ஒரே உருவம். தன் வண்டியை அடையாளம் காணப் பிள்ளைகள் ஹேண்டில்பாரில் ரிப்பன் கட்டியும் மட்கார்டில் பெயர் எழுதியும் வைக்கிறார்கள், ஸ்டாண்டுக்காரரின் அட்டைக்குப் பதிலாக.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும், அதாவது 12.5 சதுர மீட்டர் தரை ஒதுக்குவார்கள். சைக்கிளுக்கு 60 சென்டிமீட்டர் அகலமும் 180 சென்டிமீட்டர் நீளமும் போதும். மேலே சொன்ன அலுவலகத்தின் 13 சைக்கிளுக்கும் சேர்த்து 14 சதுர மீட்டர். பழைய ஸ்டாண்டுக்காரரைப் போல ஹேண்டில்பாரைச் சீட்டோடு மாற்றி மாற்றிச் செருகத் தெரிந்த ஓர் ஆள் இருந்தால், அந்தக் காரின் இடத்துக்குள்ளேயே அவை அடங்கிவிடும்.